சிறு விமானமும் சிறு கசிவும்
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவோர் பலர் உளர். மெட்ரிகுலேஷன் வரை படித்து, ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நான், அவர்களுக்குப் போட்டியாக நிற்பது முறையன்று. ஆகவே வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். நம் சான்பாடாவிற்கு எட்டும் தொலைவில் நவி மும்பை விமான நிலையம் 2025 அக்டோபரில் திறந்து வைக்கப்பட்டது. விமானப் பராமரிப்புப் படிப்பைப் பற்றி நம் பிள்ளைகள் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தத் தொழிலின் உயிர்நாடி எது என்பதை ஒரே ஒரு சிறு பழுதைக் கொண்டு விளக்கலாம் என்று கருதுகிறேன். நூல்களில் படித்தும், அத்தொழிலில் உள்ளோரிடம் கேட்டும் அறிந்தவற்றையே சொல்கிறேன். சொந்தமாகச் செய்த சிறு விமானத்தில், பெட்ரோல் டாங்கியின் அளவு காட்டும் கருவியருகே உண்டாகும் கசிவுதான் அந்தப் பழுது.

விமானத்தை வீட்டிலே செய்வதா என்று தாய்மார்கள் வியக்கக்கூடும். இது புதுமையன்று. சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ் என்பவர், சிம்ப்ஸன் கம்பெனியாரைக் கொண்டு ஒரு விமானம் செய்வித்து, 1910-ஆம் ஆண்டிலேயே பல்லாவரத்தில் பறந்து காட்டினார். நம் மும்பையில், காந்திவலியில், கேப்டன் அமோல் யாதவ் என்னும் விமானி, தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானம் ஒன்றை உருவாக்கினார். 2016-இல் மும்பையில் நடந்த ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 2017-இல் அரசாங்கப் பதிவு பெற்று, 2020-இல் துலே நகரில் சோதனையாகப் பறந்தது. கேரளத்து ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராட்சன் என்னும் பொறியாளர், இங்கிலாந்தில் கொரோனா ஊரடங்குக் காலத்தில், உதிரி பாகங்களாக வந்த நான்கு இருக்கை விமானமொன்றைத் தாமே பூட்டி முடித்து, 2022-இல் மனைவி மக்களுடன் பயணம் செய்தார். அமெரிக்காவில் வான்ஸ் என்னும் ஒரே கம்பெனியின் பாகங்களைக் கொண்டு தனி மனிதர்கள் பூட்டிப் பறக்கவிட்ட விமானங்கள் 10,000-க்கும் மேற்பட்டவை.

இவர்களெல்லாம் தம் மனைவியையும் மக்களையும் அமர்த்திப் பறப்பதற்காகவே விமானம் செய்கிறார்கள். அரசாங்கத்தின் அனுமதியும் சோதனையும் உண்டு என்பது மெய்யே. ஆயினும் ஒவ்வொரு திருகாணியையும் முடுக்கும்போது அதிகாரி எவரும் பக்கத்தில் நிற்பதில்லை. வேலைக்காரனும் தானே, மேற்பார்வையாளனும் தானே என்னும் நிலைமை. ஆகையால் அவர்களுடைய பழுதுகள் நமக்கும் பாடமாகின்றன.

இனிக் கருவிக்கு வருவோம். இத்தகைய விமானங்கள் பலவற்றில் பெட்ரோல் டாங்கி இறக்கைக்குள்ளேயே அமைந்திருக்கும். டாங்கியில் எவ்வளவு பெட்ரோல் உள்ளது என்பதை விமானி அறிய வேண்டுமன்றோ? அதற்காக டாங்கியின் சுவரிலே ஒரு துளையிட்டு, மிதவைக் கருவி ஒன்றைப் பொருத்துகிறார்கள். நம் மெக்கானிக்குகள் ப்ளோட் என்று சொல்வது இதனையே. மிதவை எழும்போதும் தாழும்போதும் அதன் கம்பி, ஒரு மின்தடைச் சுருளின்மீது நகர்கிறது. அமெரிக்க வகையில் டாங்கி காலியாக இருக்கும்போது தடை 240 ஓம். நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய 33 ஓம். அந்த மாறுதலுக்கேற்ப விமானியின் முன்னுள்ள முள் நகர்கிறது. மோட்டார் காரிலும் இதே ஏற்பாடுதான்.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். உள்ளே இருப்பதை அறிவதற்கென்று இட்ட துளையே, உள்ளே இருப்பது வெளியேறும் வழியாகவும் ஆகிவிடுகிறது! கசிவு மூன்று வழிகளில் உண்டாகலாம். முதலாவது, கருவியின் விளிம்புக்கும் டாங்கியின் தகட்டுக்கும் நடுவே வைக்கும் கேஸ்கட். தக்கை கேஸ்கட் நாளடைவில் உலர்ந்து சுருங்கிவிடும். இரண்டாவது, கருவியைப் பிடித்து நிற்கும் ஐந்து திருகாணிகள். அவற்றின் துளைகள் டாங்கியின் உட்புறம்வரை செல்லுமாயின், பெட்ரோல் திருகுப் புரியின் வழியே மெல்ல ஏறி வெளிவரும். மூன்றாவது, மின்கம்பி இணைக்கும் நடு முனை. அதைச் சுற்றியுள்ள மின்காப்பு தளர்ந்தால் அங்கும் கசியும்.

கசிவை அறிவது எங்ஙனம்? விமானங்களுக்குரிய 100 எல்.எல். பெட்ரோலுக்கு நீல நிறம் ஊட்டியிருக்கிறார்கள். பெட்ரோல் ஆவியாகி மறைந்தாலும் நீலக்கறை நின்று காட்டிக்கொடுக்கும். சாதாரண மோட்டார் பெட்ரோலை ஏற்கும் எஞ்சின்களும் உண்டு. அங்கே மூக்கையே நம்ப வேண்டும். அத்துடன், நம் நாட்டுப் பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுகிறது. சிலவகை ரப்பரையும் அடைப்புப் பசையையும் அது கெடுத்துவிடும்.

மேலும், கறை தோன்றும் இடம் வேறு, கசிவு பிறக்கும் இடம் வேறாக இருத்தல் கூடும். கூரையில் மழைநீர் ஓரிடத்தில் புகுந்து வேறிடத்தில் சொட்டுவதை நாம் மும்பை மழையில் காண்கிறோம் அல்லவா? ஆகவே அவ்விடத்தை நன்கு துடைத்து உலரவிட்டு, முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லத் தூவி வைத்தால், முதலில் எங்கே நனைகிறதோ அங்கேதான் குற்றம் என்று அறியலாம்.

ஒரு சொட்டுத்தானே என்று எண்ணலாகாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த மூலைகளில் தங்கும். அருகிலேயே மின்கம்பி செல்கிறது. இறக்கையின் அடிப்பகுதி விமானத்தின் உடலோடு சேரும் இடமாதலால், அந்த ஆவி மனிதர் அமரும் அறைக்குள்ளும் புகக்கூடும். தரையிலாயின் இறங்கி ஓடலாம். ஆகாயத்தில் எங்கே ஓடுவது?

இந்நிலையில் மனிதனுக்கு எழும் முதல் ஆசை, வெளிப்புறத்தில் கொஞ்சம் பசையை அப்பிவிட்டு வேலையை முடித்துவிடுவது. இதுதான் பெருந்தீங்கு. உள்ளிருந்து வரும் பெட்ரோல், மேலே பூசிய பசையை மெல்லத் தள்ளிப் பெயர்த்துவிடும். அதுவரை குற்றத்தைக் கண்ணுக்கு மறைத்தும் வைக்கும். குளியலறை விளிம்புக்குப் பூசும் சிலிக்கோன் பசையோ பெட்ரோலில் ஊறிப் பயனற்றுப் போகும். குழாய் வேலைக்காரர் சுற்றும் வெள்ளை டேப்பும் இங்கே ஆகாது. அதன் துணுக்குகள் பெட்ரோல் வழியை அடைத்துவிடலாம்.

முறையான வழி யாது? கருவியைக் கழற்ற வேண்டும். கழற்றுமுன் பாட்டரியின் இணைப்பை நீக்க வேண்டும். விமானத்தையும் பெட்ரோல் பிடிக்கும் பாத்திரத்தையும் கம்பியால் இணைத்துத் தரையோடு சேர்க்க வேண்டும். இன்றேல் பெட்ரோல் விழும் ஓட்டத்திலேயே மின்பொறி பிறக்கலாம். காற்றோட்டமான வெளியிடமும், பக்கத்தில் தீயணைப்புக் கருவியும் வேண்டும். டாங்கியை முற்றிலும் வடித்த பின்னரும் உள்ளே ஆவி இருக்கும்; வெற்று டாங்கி ஆபத்தற்றது என்று எண்ணுவது தவறு.

பிறகு மிதவையின் கம்பி வளையாதபடி கருவியை வெளியே எடுத்து, பழைய கேஸ்கட்டையும் பசையையும் மரச் சீவுளி அல்லது பிளாஸ்டிக் சீவுளியால் நீக்க வேண்டும். இரும்பு உளி அலுமினியத்தைக் கீறிப் புதிய வழிகளை உண்டாக்கிவிடும். கசிவது நடு முனையே ஆயின், கருவியை மாற்றுவதே சிறந்தது. மற்றவற்றுக்கு, விமான டாங்கிகளுக்கென்றே உள்ள பாலிசல்பைடு என்னும் இருபகுதிப் பசை உண்டு. பொதுவாக எடையில் பத்துக்கு ஒன்றாகக் கலப்பார்கள். டப்பாவில் குறித்த அளவே முடிவானது. கண்ணளவு கூடாது, தராசு வேண்டும். பூசும் இடத்தில் விரல் எண்ணெய்கூடப் படாதபடி கரைப்பானால் துடைத்து, கருவியின் விளிம்பில் சுற்றிலும் இடைவெளியின்றிப் பசையிட்டு, ஒவ்வொரு திருகாணியின் புரியிலும் தலையடியிலும் அதைத் தடவி, எதிரெதிர்த் திருகாணிகளாக மாற்றி மாற்றிச் சமமாக முடுக்க வேண்டும். ஒரே பக்கத்தை இறுக்கினால் விளிம்பு வளையும். அதன்பின் பசை இறுகும்வரை, நாட்கணக்கானாலும், பொறுத்திருக்க வேண்டும். வேலையில் மிகக் கடினமான பகுதி இந்தப் பொறுமையே.

இத்துடன் முடிந்ததா? இல்லை. சோதிக்க வேண்டும். டாங்கியின் மற்ற வாயில்களை அடைத்து, ஒரு வாயிலில் ரப்பர் பலூனைக் கட்டி, உள்ளே மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தமே போதும். அஃது ஏறக்குறைய 28 அங்குல நீரைத் தாங்கும் அழுத்தம். பத்துக்குப் பத்து அங்குலத் தகட்டின்மீது அந்த ஒரு பவுண்டே 100 பவுண்டுப் பாரமாகிறது. பஞ்சர் ஒட்டும் கடையின் காற்று இயந்திரத்தை நேரே இணைத்தால் டாங்கியே பிளந்துவிடும்.

கசிவு நின்ற பின்னும் கருவி உண்மை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அளந்து அளந்து பெட்ரோல் ஊற்றி, ஒவ்வோர் அளவுக்கும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். பறப்பதற்குமுன் அளவுகோலை டாங்கிக்குள் விட்டும் பார்க்க வேண்டும். பேரறிவாளர் நடத்தும் பெரிய விமானங்களுக்கும் இது பொருந்தும். 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்றில் அளவு காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அளவுகோலிட்டுக் கணக்கிட்டார்கள். ஆனால் 22,300 கிலோ வேண்டிய இடத்தில், அலகு மாறி, 22,300 பவுண்டே இருந்தது, பாதிக்கும் குறைவு! நடுவானில் எஞ்சின்கள் இரண்டும் நின்றன. விமானியின் திறமையால் கிம்லி என்னும் பழைய விமானத் தளத்தில் இறங்கி, 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

ரயில்வேயில் வண்டி புறப்படுமுன் பிரேக் பவர் சர்டிபிகேட் என்றொரு தாளில் கையெழுத்தாகிறது. பிரேக்கைச் சோதித்த பிறகே கையெழுத்து. கையெழுத்துக்குப் பின் சோதனை அன்று. வீட்டிலே விமானம் செய்பவர் தமக்குத் தாமே அந்தச் சர்டிபிகேட்டை எழுதிக்கொள்ள வேண்டியவராகிறார். தம்மையே ஏமாற்றிக்கொண்டால் கேட்பாரில்லை. ஆனால் விலை கொடுப்பவர் பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் குழந்தை. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் முன்னோர் சொன்னார்கள். தேர் போய் விமானம் வந்தாலும் அச்சாணி அச்சாணியே.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். நம் காலனி வீடுகளின் சமையலறையிலும் எரிவாயுக் குழாய் உண்டு. ஐயம் எழுந்தால் வால்வை மூடுங்கள், சன்னலைத் திறவுங்கள், தீக்குச்சியும் வேண்டாம், மின் ஸ்விட்சும் வேண்டாம். நாற்றம் நீங்கிய பின், மூட்டில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் உரியவரை அழையுங்கள். விமானத்துக்குரிய சோதனைதான் அது. செலவு ஒரு துளி சோப்பு.

விமானத் தொழிலை நாடும் இளைஞர்களே, யுவதிகளே! ஆகாயத்தில் பறப்பவனுக்கே கைதட்டல் கிடைக்கும். தரையில் மண்டியிட்டு, விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, ஐந்து திருகாணிகளைச் சமமாக முடுக்குபவனை எவரும் அறியார். எனினும் அவன் கையில்தான் அத்தனை உயிர்களும் இருக்கின்றன. யார் பார்க்கப் போகிறார்கள் என்று எண்ணாமல் வேலை செய்யும் கை உங்களுடையதாக இருக்குமாயின், எந்த விமான நிலையத்தின் கதவும் உங்களுக்குத் திறக்கும். பிழைக்க வந்த ஊரிலே தமிழருக்கு நற்பெயரும் நிலைக்கும்.