பத்திரச் செலவே ரெண்டரை வருஷ வாடகை!

"வாடகைக்கு விட ஃபிளாட் வாங்கலாமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. கணக்கு போட்டுப் பார்ப்போம்.

சென்னையில 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட், வாடகை 18,000ன்னு வெச்சுக்கங்க. வருஷத்துக்கு 2.16 லட்சம், அதாவது 3.6 சதவீதம்.

இப்போ செலவு. மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தாள் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முழு விலைக்குப் பதிஞ்சா 5.4 லட்சம். ரெண்டரை வருஷ வாடகை அங்கேயே போச்சு! புரோக்கருக்கு 1 சதவீதம் சேர்த்தா, உங்க முதலீடு 66 லட்சம்.

வரவுலயும் கழிக்கணும். ஒரு மாசம் வீடு காலி, சொத்து வரி, பெயின்ட், பிளம்பர்னு வருஷம் 48,000 போனா மிச்சம் 1.68 லட்சம். வெறும் 2.5 சதவீதம். இதுல வருமான வரி, கடன் வட்டி எதுவும் சேர்க்கலை.

அப்போ நீங்க நம்புறது வாடகையை இல்லை, விலை ஏறும்ங்கிறதை. அது தெரிஞ்சே அட்வான்ஸ் குடுங்க.