சர்வகலாசாலையில் ஓர் இருக்கை
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையிலே வழக்கமாகச் சமயமும் தமிழும் பேசப்படும். நாமோ இன்று ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பற்றிப் பேச வந்துள்ளோம். "இதுவும் ஒரு பொருளா?" என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு பிள்ளையின் எதிர்காலம் அப்படிவத்தின் ஒரேயொரு வரியிலே தங்கியிருந்ததை எம் கண்ணாற் கண்டோம். ஆதலினாலேயே இதனைத் தெரிந்தெடுத்தோம்.

எமது அயலூராகிய காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். அவர் பட்டம் பெற விரும்பிய காலத்தில் இலங்கையிலே சர்வகலாசாலை என ஒன்று இருக்கவில்லை. இலண்டன் சர்வகலாசாலையின் தேர்வை எழுதியே 1920இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1942இல் இலங்கைச் சர்வகலாசாலை தோன்றியது. மறு ஆண்டில் அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவரும் அவரே. இன்றோ நிலை வேறு. 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது. மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் பெருமுயற்சியால் 1995இல் அட்டாளைச்சேனையிலே தொடங்கிய கல்லூரி, 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்து ஒலுவிலில் நிலைகொண்டது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் எமது சம்மாந்துறையிலேயே இருக்கின்றது. சர்வகலாசாலை எம் வாசலுக்கே வந்துவிட்டது. ஆயினும் அதனுள்ளே புகும் வழியை நாம் செவ்வனே அறிந்தோமா என்பதே கேள்வி.

இடங்கள் எல்லார்க்கும் போதா. அண்மைய ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திச் சர்வகலாசாலைக்குத் தகுதி பெறுவோர் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். இடம் பெறுவோர் நாற்பதாயிரத்தை ஒட்டியவரே. ஏறத்தாழ நால்வருக்கு ஓர் இருக்கை! அதனை எவ்வாறு பங்கிடுவது?

எமது வட்டையிலே வாய்க்கால் நீர் பங்கிடுவதை நினைத்துப் பாருங்கள். முறை வைக்காமல் மதகைத் திறந்துவிட்டால் தலைப்பு வயல்காரர் வேண்டியமட்டும் பாய்ச்சிக்கொள்வர். கடைக்கண்டம் காய்ந்து போகும். அதனாலன்றோ வட்டவிதானையார் ஒருவர் வேண்டியிருக்கின்றது! இருக்கைகளுக்கு வட்டவிதானையார் போன்றது, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி செல்லும். 55 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் குடித்தொகைக்கேற்பப் பகிரப்படும். எஞ்சிய 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கியனவெனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உரியன. எமது அம்பாறையும் அவற்றுள் ஒன்று.

திறமையை அளக்கும் கோல் இசட் புள்ளி. ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலாற் பிரித்தால் அது கிடைக்கும். மூன்று பாடங்களுக்கும் அவ்வாறு பெற்றவற்றின் சராசரியே ஒருவரது நிலை. கடினமான பாடம் எடுத்தவரையும் இலகுவான பாடம் எடுத்தவரையும் ஒரே தராசில் நிறுக்கும் உபாயம் இது. 2001ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் வழக்கிலுள்ளது.

இங்கே ஒரு கசப்பையும் மறைக்காது கூறவேண்டும். 1971இல் மொழிவாரியாகப் புள்ளிகளைத் தரப்படுத்திய முறை தமிழ் மாணவர் நெஞ்சிலே ஆறாத புண்ணை உண்டாக்கியது. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. அதனாற் சில மாவட்டங்கள் இழந்தன; எம்போன்ற மாவட்டங்கள் பெற்றன. பெற்றவர் இழந்தவரின் துயரை மறத்தல் அறமன்று. அதேவேளை, இன்றைய பங்கீடு மாவட்டத்தைப் பார்க்கின்றதேயன்றி இனத்தையோ மதத்தையோ பார்க்கவில்லை. ஆகவே, "நமது இடத்தை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்" என்று எம்மவர் சில திண்ணைகளிலும், அவ்வாறே எம் முஸ்லிம் சகோதரர் சில திண்ணைகளிலும் பேசுவது உண்மைக்குப் புறம்பானது. இரு சாராரும் தொலைப்பது பெரும்பாலும் தம் அறியாமையினாலேயே.

அதற்குச் சான்றாக ஒன்று சொல்லுவோம். எம் ஊர்ப்புறத்துத் தம்பி ஒருவர் உயிரியற் பிரிவிலே நற்சித்தி பெற்றார். விருப்பு வரிசை எழுதும் நாளில் உறவினர் கூடினர். "வைத்தியத்தை எழுது, பல் வைத்தியத்தை எழுது. சம்மாந்துறையிலே இருந்து படிக்கவா இவ்வளவு பாடுபட்டாய்?" என்றனர். வீட்டுக்கு அருகிலுள்ள பீடத்தை அவர் எழுதாது விட்டார். வெட்டுப்புள்ளிகள் வெளிவந்தன. எழுதியவை ஒன்றும் எட்டவில்லை. எழுதாது விட்டதன் வெட்டுப்புள்ளியோ அவரது புள்ளிக்குக் கீழேயே நின்றது. "அண்ணா, அதைக் கடைசி வரியிலே எழுதியிருந்தாற் கிடைத்திருக்குமா?" என்று எம்மிடம் கேட்டார். ஆம் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. மறுமுறை பரீட்சை எழுதினார், புள்ளி குறைந்தது. இன்று அரிசி ஆலையொன்றிலே கணக்கெழுதுகின்றார். அத்தொழில் இழிவன்று, ஆனால் அவர் விரும்பிய தொழிலன்று. அவர் படிவம் நிரப்பிய வாரத்தில் சர்வகலாசாலை மாணவராகிய நாமும் விடுமுறைக்கு ஊரிலேதான் இருந்தோம். பந்து விளையாடினோம், திருவிழாப் பார்த்தோம், "தம்பி, என்ன எழுதினாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டோமில்லை. குற்றம் அவருடையதன்று, எம்முடையது.

தம்பி தங்கையரே, ஆகவே இவற்றை மனத்திருத்துங்கள். உங்கள் புள்ளிக்கு எட்டும் நெறிகளுள் பட்டியலில் மேலே நிற்பது எதுவோ, அதுவே கிடைக்கும். கீழே ஒன்றை எழுதுவதால் மேலே எழுதியதற்கு யாதொரு குறையும் வாராது. எழுதாத நெறி மட்டும் எவ்வளவு புள்ளி இருப்பினும் வாராது. உண்மையான விருப்பத்தின் வரிசையிலே, ஊரார் மெச்சும் வரிசையிலன்றி, எழுதுங்கள். ஆணைக்குழுவின் கைந்நூலிலே ஒவ்வொரு நெறிக்கும் உரிய இடங்களின் தொகையும், வேண்டிய பாடங்களும் அச்சாகியுள்ளன. அதனைப் படிக்காமற் பேனா எடுக்கவேண்டாம்.

தெரிவு வந்ததும் குறித்த நாளுக்குள் பதிவு செய்யுங்கள். நாள் தவறினால் இருக்கை தவறும். போக விரும்பாதவர் பதியாமல் விட்டால், வெற்றிடம் நிரப்புகையில் அடுத்தவருக்கு அது செல்லும். பதிந்துவிட்டு வராதிருப்பவரின் இருக்கையோ பலவேளைகளில் வெறுமையாகவே கிடக்கும். இலவசக் கல்வி பெறும் நாட்டிலே அது ஊரார் பொருளை வீணடித்த பாவமாகும்.

உள்ளே சென்றபின்னும் பதிவு ஓயாது. ஒவ்வொரு பருவத்துக்கும் பாட அலகுகளைப் பதியவேண்டும். 15 மணிநேர விரிவுரை ஒரு திறமை மதிப்பு. ஆண்டுக்கு 30 என்பது பொதுக் கணக்கு. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90, நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. கட்டாய அலகுகளில் எல்லார்க்கும் இடமுண்டு. விருப்ப அலகுகளிலோ ஆய்வுகூட மேசைகளின் அளவே இடம். நண்பன் எடுத்தான் என்பதற்காக எடுத்து, மாற்றுதற்குரிய நாட்களையும் கழியவிட்டுத் திண்டாடுவோர் பலர். அவர்களுள் நாமும் இருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

இறுதியாக, மன்றத்தாரிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் கைந்நூல் வெளிவந்ததும் சில பிரதிகளை இம்மண்டபத்திலே வையுங்கள். விண்ணப்ப முடிவுநாள் வரை மாலைதோறும் எம்முள் இருவர் இங்கே அமர்ந்திருப்போம். வருகின்ற பிள்ளை கோயிலுக்குப் போகிறதா, பள்ளிவாசலுக்குப் போகிறதா என்று கேட்கமாட்டோம், "என்ன எழுதினாய்?" என்றே கேட்போம். அன்று கேட்காது விட்ட அந்த ஒரு கேள்விக்கு நாம் செய்யக்கூடிய கழுவாய் இதுவே.