உடலை நோக்கலும் உடற்பற்றை விடலும்

(விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமைதியை நாடுவோர் திருவண்ணாமலைக்கு வருவது நெடுங்கால வழக்கம். 1896ஆம் ஆண்டு இளைஞராக இந்நகரை அடைந்த இரமண மகரிஷி, தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் இங்கேயே கழித்தார். இன்று யோகப் பயிற்சி பெற விரும்பி வருவோரும் பலர். அப்பயிற்சிகளுள் ஒன்று, ஆசிரியரின் குரல்வழி உடலைத் தளர்த்துதல். பயில்வோர் மல்லாந்து படுத்துக் கண்களை மூடிக்கொள்வர். கால் விரல் முதல் உச்சி வரை ஒவ்வோர் உறுப்பாக ஆசிரியர் சொல்லிவர, கருத்தை அவ்வுறுப்பில் நிறுத்தி அதனைத் தளரவிடுவர்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இப்பயிற்சி, புதிதாகத் தொடங்குவோர்க்கு எளிதன்று. சிலர் முழங்காலைக் கடக்குமுன் உறங்கிவிடுவர். சிலர்க்கு மூக்கில் அரிப்பும், முதுகில் வலியும், வீட்டில் முடிக்காமல் விட்டுவந்த வேலையின் நினைவும் ஒருங்கே எழும். இன்னும் சிலர், தம் தோள்கள் உயர்ந்தும் பற்கள் இறுகியும் இருப்பதை அன்றுதான் முதன்முதலில் உணர்வர். இம்மூன்றாம் உணர்வே பயிற்சியின் வாயில். இறுக்கத்தை அறியாதவர் அதனைத் தளர்த்துவது எங்ஙனம்? அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் வெளியிட்ட நூலில் வகுத்த முறையும் இவ்வடிப்படையில் எழுந்ததே. தசையை இறுக்கிப் பின் விடும்போது, இரு நிலைகளின் வேறுபாடும் பயில்வோர்க்குப் புலனாகிறது.

நம் இல்லத்து இளைஞர்களும் இவ்வகுப்புகளுக்குச் செல்கின்றனர், அதில் குற்றமில்லை. ஆயினும், இதனோடு நெருங்கிய பயிற்சி ஒன்று நம் அன்றாடக் கடமைகளுள் இருப்பதை அவர்கள் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. சாமாயிகம், துதி, வந்தனை, பிரதிக்கிரமணம், பிரத்தியாக்கியானம், காயோத்சர்கம் என ஆவசியகங்கள் ஆறு. காயம் என்பது உடல். உத்சர்க்கம் என்பது விடுதல். உடல்மேல் வைத்த பற்றைக் குறித்த பொழுதளவு விட்டு நிற்பதே காயோத்சர்கம். இதன் வடிவத்தைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. போளூரை அடுத்த திருமலையில் பாறையில் செதுக்கப்பெற்று நெடிதுயர்ந்து நிற்கும் நேமிநாதர் திருவுருவைக் கண்டால் போதும். தொங்கும் கைகள், ஒத்து நிற்கும் பாதங்கள், அசைவற்ற உறுப்புகள் ஆகிய அனைத்தும் அங்கே கல்லில் எழுதிய பாடம்.

புதிதாகப் பயில்வோரின் இடர்ப்பாடுகளை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். வட்டகேரர் இயற்றிய மூலாசாரம், பாதங்களுக்கிடையே நான்கு விரல் இடைவெளி வேண்டும் என வகுப்பதோடு, காயோத்சர்கத்திற்கு நேரும் குற்றங்கள் முப்பத்திரண்டையும் எண்ணிக் காட்டுகிறது. குதிரைபோல் ஒரு காலைத் தூக்கி நிற்றல், கொடிபோல் அசைதல், தூணிலோ சுவரிலோ சாய்தல், காக்கைபோல் கண்களைச் சுழற்றுதல் என அப்பட்டியல் நீள்கிறது. இவற்றை எழுதியவர், நிற்க முயன்று தடுமாறுவோரை அருகிருந்து கண்டவராகவே இருத்தல் வேண்டும். ஆகவே தடுமாறுவோர் நாணவேண்டுவதில்லை. தம் குற்றம் இன்னதென அறிந்து திருத்திக்கொண்டால் போதும்.

மூச்சுக்கும் அளவுண்டு. பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒருமுறை நினைக்க மூன்று மூச்சு. ஒன்பது முறைக்கு இருபத்தேழு மூச்சு. இயல்பான மூச்சின் கதியில் இதற்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். நம் இல்லங்களில் அது எத்தனை நொடியில் முடிகிறது என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கலாம். மந்திரம் நாவில் ஓட, மூச்சு தன் போக்கில் ஓட, மனம் கடைத்தெருவில் ஓடுமாயின் அது காயோத்சர்கம் ஆகாது.

இக்காலத்தில் தேராபந்த மரபின் ஆசாரியர் துளசியின் வழிகாட்டலில், பின்னாளில் ஆசாரியர் மகாப்பிரக்ஞர் எனப்பெற்ற முனிவர், 1975ஆம் ஆண்டளவில் பிரேக்ஷா தியானம் என்னும் முறையை வகுத்தார். பிரேக்ஷா என்பதற்கு ஆழ்ந்து நோக்கல் என்பது பொருள். அதன் முதற்படி காயோத்சர்கம். பின்னர் மூச்சை நோக்கலும் உடலை நோக்கலும் தொடர்கின்றன. குரல் வழிநடத்த உறுப்பு உறுப்பாகத் தளர்த்தும் முறை அதிலும் உண்டு. ஆனால் அதன் நோக்கம் உடலின் சுகத்தோடு முடிவதன்று. உடலில் தோன்றும் உணர்வை விரும்பாமலும் வெறுக்காமலும் காண்பவர், காணப்படும் உடல் வேறு, காணும் உயிர் வேறு என்பதைச் சிறிது சிறிதாக உணர்வர். தளர்ச்சி அங்கே வாயிற்படி, பற்றின்மையே இல்லம்.

முழங்கால் வலியால் நிற்க இயலாத முதியோர், இது நமக்கு இல்லை என எண்ணிவிடலாகாது. மூலாசாரம் காயோத்சர்கத்தை நால்வகையாகப் பகுக்கிறது. உடலும் உள்ளமும் நிற்பது ஒன்று. உடல் நின்றும் உள்ளம் தீய நினைவில் அமர்ந்திருப்பது ஒன்று. உடல் அமர்ந்தும் உள்ளம் அறநினைவில் எழுந்து நிற்பது ஒன்று. இரண்டும் அமர்ந்துவிடுவது ஒன்று. மூன்றாம் வகை முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் திறந்த வழி. நாற்காலியில் அமர்ந்தபடியே தோளைத் தளர்த்தி, தாடையின் இறுக்கத்தை விட்டு, இருபத்தேழு மூச்சை விழிப்போடு கடக்கலாம்.

இன்று மாலை இல்லத்தில் விளக்கேற்றியபின், பெயரனும் பாட்டியும் சேர்ந்து அந்த இரண்டு நிமிடம் பயிலலாம். பெயரன் நிற்கட்டும், பாட்டி அமரட்டும். இருவர் உள்ளமும் எழுந்து நிற்கட்டும்.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!