போலீசாரைப் படமெடுப்பது குற்றமா?

(பொதுக்கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், உத்தியோகத்தில் இருக்கும் போலீஸ்காரரின் நடவடிக்கையை ஒரு சாதாரண மனிதன் தன் கையிலுள்ள செல்போனால் படமெடுக்கலாமா, கூடாதா என்பதாகும். இதற்கும் சுயமரியாதை இயக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் நிரம்ப உண்டு. சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது, பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள், ருசு கேளுங்கள், உங்கள் புத்தியைக் கொண்டு ஆராய்ந்து பாருங்கள் என்றுதான் நாம் ஊர் ஊராகச் சொல்லி வருகின்றோம். அப்படியிருக்க, ஸ்டேஷனில் எழுதியிருக்கிறது என்பதற்காக மாத்திரம் ஒன்றை எப்படி நம்பிவிட முடியும்? மனுதர்மத்துக்கு ருசு கேட்கிறவன் முதல் தகவல் அறிக்கைக்கும் ருசு கேட்கத்தான் வேண்டும்.

"அக்கிரமக்காரனை ஆண்டவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், சித்திரகுப்தன் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான்" என்று நம் ஜனங்களுக்குப் பரம்பரையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தச் சித்திரகுப்தன் கணக்கு இதுவரை எந்தக் கோர்ட்டிலாவது தாக்கலாகியிருக்கிறதா? இல்லை. ஆனால் ஸ்டேஷன் கணக்கு தாக்கலாகிறது. அதை எழுதுகிறவர் யார்? அடித்தவரே எழுதுகிறார். அடித்தவர் எழுதின கணக்கும் அடிபட்டவன் வாய்மொழியும் எதிரெதிரே நின்றால், ஏழையின் வாய்மொழி எவ்வளவு தூரம் செல்லும்? இந்த இடத்தில்தான் செல்போன் படம் மூன்றாவது சாட்சியாக வந்து நிற்கிறது.

மடப்புரம் காளி கோயிலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிவகங்கை ஜில்லாவில் திருப்புவனத்துக்கு அருகில் இருக்கிறது. பொருளைக் களவு கொடுத்தவர்களும் வஞ்சிக்கப்பட்டவர்களும் அங்கே போய்க் காசு வெட்டிப் போட்டால், காளி குற்றவாளியைத் தண்டிப்பாள் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அப்பேர்ப்பட்ட கோயிலுக்கு 2025 ஜூன் மாதத்தில் வந்த ஒரு பக்தரின் நகை காணாமற் போயிற்று. புகார் காளியிடம் போகவில்லை, போலீசிடம்தான் போயிற்று. கோயில் காவலாளியாயிருந்த ஓர் இளைஞரைப் போலீசார் விசாரணை என்று கொண்டு போனார்கள். ஜூன் 28-ல் அவர் இறந்து போனார். தப்பி ஓடப் பார்த்தார், விழுந்தார், வலிப்பு வந்தது என்று போலீஸ் தரப்பில் எழுதப்பட்டது. ஆனால் கோயிலின் பின்புறத்தில் சாதாரண உடையிலிருந்த போலீசார் அவரை அடிப்பதை, பக்கத்துக் கக்கூஸ் ஜன்னல் வழியாக ஒரு கோயில் ஊழியர் செல்போனில் படமெடுத்திருந்தார். அந்தப் படம் மதுரை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. பிரேத பரிசோதனையில் 44 காயங்கள் வெளிவந்தன. ஐந்து போலீசார் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்கு மாறிற்று.

தோழர்களே! காளியின் காவலாளியைக் காளி கோயிலுக்குப் பின்னாலேயே அடித்தபோது, காளியின் கண் என்ன செய்துகொண்டிருந்தது? கக்கூஸ் ஜன்னலில் இருந்த ஒரு சிறு கண்ணாடிக் கண்தான் பார்த்தது. அதுதான் சாட்சியும் சொல்லிற்று. படமெடுத்த அந்த ஊழியரோ, தம் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று போலீஸ் மேலதிகாரிக்கே மனுப் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. உண்மையைக் காட்டினவன் பயந்து நடுங்க வேண்டிய நாட்டுக்குச் சுயராஜ்ய நாடு என்று பேர் சொல்லிக் கொள்வதில் என்ன பெருமை இருக்கிறது?

"ஸ்டேஷனில்தான் சர்க்கார் காமிரா வைத்திருக்கிறதே, ஜனங்கள் வேறு படமெடுப்பானேன்?" என்று கேட்பார்கள். இதற்குப் பதில் சாத்தான்குளத்தில் இருக்கிறது. 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு தகப்பனையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். இருவரும் மாண்டார்கள். தரையில் உருண்டு புரண்டு தாங்களே காயம் உண்டாக்கிக் கொண்டார்கள் என்று அறிக்கை எழுதப்பட்டது. விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட், ஸ்டேஷன் காமிராப் பெட்டியில் வேண்டிய அளவு இடமிருந்தும், அன்றன்று பதிவானது அன்றன்றே தானாக அழிந்து போகும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். கடைத்தெருவில் தனியார் வைத்திருந்த காமிராவின் படமோ, கடையெதிரே நடந்ததாக அறிக்கை சொன்ன ரகளையெல்லாம் நடக்கவில்லை என்று காட்டிற்று. அதே வருஷம் டிசம்பரில், எல்லாப் போலீஸ் ஸ்டேஷன்களிலும் ஒலியும் பதிவாகும் காமிராக்கள் வைக்கவேண்டுமென்றும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஒரு வருஷமாவது காப்பாற்ற வேண்டுமென்றும் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் பெட்டியின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. திருடனைப் பிடிக்கத் திருடன் வீட்டிலேயே விளக்கு வைத்து, அணைக்கும் உரிமையையும் அவனுக்கே கொடுப்பதில் பிரயோஜனம் என்ன? ஆகவே ஜனங்கள் கையிலும் ஒரு விளக்கு இருக்க வேண்டும்.

இது நம் நாட்டுச் சங்கதி மாத்திரமல்ல. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் 2020 மே 25-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் போலீஸ் பிடியில் இறந்தார். உடல்நலக் கோளாறினால் இறந்தார் என்று போலீஸ் இலாகா முதலில் அறிக்கை விட்டது. அங்கிருந்த போலீசாரின் சட்டைகளிலும் காமிரா இருக்கத்தான் இருந்தது. ஆனால் அன்றிரவே உலகத்துக்கு உண்மையைக் காட்டினது, தெருவில் நின்ற 17 வயதுப் பெண் ஒருத்தியின் செல்போன்தான். கழுத்தின்மேல் முழங்காலை வைத்து ஒன்பது நிமிஷத்துக்கு மேல் அழுத்தியிருந்தது அதில் தெரிந்தது. அந்தப் போலீஸ்காரருக்கு 2021-ல் இருபத்திரண்டரை வருஷச் சிறைத்தண்டனை கிடைத்தது.

ஆனால் படமெடுத்துவிட்டால் போதும், நியாயம் தானே நடந்துவிடும் என்றும் நம்பி விடாதீர்கள். அது இன்னொரு மூடநம்பிக்கையாகிவிடும். அதே அமெரிக்காவில் 1991-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ராட்னி கிங் என்பவரைப் போலீசார் அடித்ததை ஒருவர் தம் வீட்டு மாடியிலிருந்து படமெடுத்தார். உலகமே பார்த்தது. அப்படியிருந்தும் 1992-ல் நடந்த முதல் வழக்கில் ஒரு போலீஸ்காரருக்குக்கூடத் தண்டனை கிடைக்கவில்லை. ஊர் பற்றியெரிந்து, மறுபடி மத்திய கோர்ட்டில் வழக்கு நடந்த பிறகுதான் 1993-ல் இருவர் தண்டிக்கப்பட்டார்கள். படம் சாட்சி மாத்திரமே. சாட்சியை வைத்து வழக்காடப் பின்னால் மனிதர்கள் நிற்க வேண்டும்.

போலீசார் எழுதுவதை நம்பக்கூடாது என்பது நாம் புதிதாகச் சொல்லும் கட்சியுமல்ல. சென்னை மாகாணத்தில் வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் சித்திரவதை நடக்கிறதென்ற புகாரை விசாரித்த கமிஷன் 1855-ல் அறிக்கை கொடுத்தது. விரல்களை நசுக்கும் கிட்டி முதலிய கொடுமைகள் உண்மை என்று வெள்ளைக்காரக் கமிஷனே ஒப்புக்கொண்டது. போலீஸ் உத்தியோகஸ்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை ஒருவன்மீது ருசுவாகக் கொள்ளக்கூடாது என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2023-ல் அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. சட்டமே போலீஸ் பேச்சை அப்படியே நம்பாதபோது, நம்மை மாத்திரம் நம்பச் சொல்வது என்ன நியாயம்?

இன்னொன்றும் பாருங்கள். 2024 ஜூலை முதல் அமுலில் இருக்கும் குற்ற நடைமுறைச் சட்டப்படி, ஒரு வீட்டைச் சோதனை போடும்போதும் பொருளைக் கைப்பற்றும்போதும் போலீசார் அதைப் படமெடுக்க வேண்டும், அதையும் கூடுமானவரை செல்போனிலேயே எடுக்க வேண்டும் என்று சர்க்காரே விதித்திருக்கிறது. போலீஸ்காரர் நம்மைப் படமெடுத்தால் கடமை, நாம் அவரைப் படமெடுத்தால் குற்றமா? ஸ்டேஷனுக்குள் படமெடுத்ததற்காக 1923-ஆம் வருஷத்து அரசாங்க ரகசியச் சட்டத்தில் போட்ட ஒரு வழக்கை, போலீஸ் ஸ்டேஷன் அச்சட்டப்படி தடைசெய்யப்பட்ட இடமல்ல என்று சொல்லி, பம்பாய் ஐகோர்ட்டின் நாகபுரிக் கிளை 2022-ல் தள்ளிவிட்டது. ஆகவே ரகசியம் என்ற பூச்சாண்டியும் செல்லாது.

இனி எதிர்க்கட்சிக்காரர் சொல்லும் ஆட்சேபங்களைப் பார்ப்போம்.

"வேலைக்கு இடைஞ்சல்" என்பது ஒன்று. ஒதுங்கி நின்று கையை நீட்டிப் படமெடுப்பதால் எந்த வேலை கெட்டுவிடும்? குறுக்கே விழுந்து தடுத்தால் அதைத் தண்டிக்க ஏற்கெனவே சட்டமிருக்கிறது.

"போலீஸ்காரருக்கும் அந்தரங்கம் உண்டல்லவா?" என்பது மற்றொன்று. உண்டு. அவர் வீட்டில் மனைவி மக்களோடு இருப்பதைப் படமெடுப்பவன் அயோக்கியன். ஆனால் ஜனங்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கி, ஜனங்கள் கொடுத்த லத்தியைப் பிடித்து, நடுத்தெருவில் நிற்கும்போது அவருடைய வேலையில் அந்தரங்கம் ஏது? எஜமானன் வேலைக்காரன் வேலையைப் பார்க்கக் கூடாது என்று எந்த நாட்டில் சொல்லுவார்கள்?

"வெட்டி ஒட்டிப் பொய்ப் படம் போடுகிறார்களே" என்பது மூன்றாவது. இது யோசிக்கத்தக்க ஆட்சேபம்தான். பொய்ச் சாட்சி சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகச் சாட்சிக் கூண்டையே உடைத்துவிடுகிறோமா? பொய்ப் படத்துக்கு மருந்து முழுப் படம்தான். போலீசார் தங்கள் காமிராவின் பதிவையும் முழுதாகக் கொண்டு வந்து வைக்கட்டும். யோக்கியமாக நடந்த போலீஸ்காரருக்குப் பொய்ப் புகாரிலிருந்து தப்பிக்க அதைவிட நல்ல துணை வேறில்லை.

போலீஸ்காரர்மீது நமக்குப் பகை கிடையாது. அவரும் நம் குடியானவன் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் உடுப்புப் போட்டவுடன் ஆளைப் பார்த்து நியாயம் மாறுகிறதே, அதுதான் நம் வழக்கு. பெரிய மனிதன் மகனுக்கு ஸ்டேஷனில் நாற்காலி, சேரியிலிருந்து வந்தவனுக்குச் சுவரோரம் என்றால், இதற்குப் பெயரும் வர்ணாசிரமம்தானே? பிறந்த சாதியைக் கொண்டே ஒருவனைக் குற்றவாளி என்று பதிவு செய்ய இடங்கொடுத்த 1871-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் ஏட்டிலிருந்து போயிற்று. புத்தியிலிருந்து போயிற்றா? சிபார்சு இல்லாதவனுக்கும் சொத்து இல்லாதவனுக்கும் இந்தச் சின்ன யந்திரம் ஒன்றுதான் சிபார்சு.

உரிமை கேட்கிற நமக்குப் பொறுப்பும் உண்டு. எட்ட நின்று எடுங்கள். வாய்ச்சண்டை வேண்டாம். முதலிலிருந்து கடைசிவரை விடாமல் எடுங்கள், இடத்தையும் நேரத்தையும் வாயால் சொல்லி வையுங்கள். எடுத்ததை வெட்டாதீர்கள். எடுத்த செல்போனையே பத்திரப்படுத்துங்கள். பிரதி மாத்திரம் கொடுத்தால் கோர்ட்டில் அதற்குச் சட்டப்படியான சான்று வேண்டியிருக்கும். கண்டபடி பரப்புவதற்கு முன் வக்கீலிடம் காட்டுங்கள். மானபங்கப்பட்ட பெண்ணின் முகத்தையும் குழந்தைகள் முகத்தையும் ஒருக்காலும் வெளியிடாதீர்கள். அது நியாயம் கேட்பதாகாது, இரண்டாம் தடவை மானபங்கம் செய்வதாகும்.

சர்க்காரை நாம் கேட்பது இவ்வளவுதான். போலீசாரைப் பொது இடத்தில் படமெடுப்பதைப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டமும் இல்லை, பெயர் சொல்லி அனுமதிக்கும் சட்டமும் இல்லை. சட்டம் பேசாத இடத்தில் லத்தி பேசுகிறது. ஆகையால் படமெடுக்கும் உரிமையைத் தெளிவாகச் சட்டத்தில் எழுத வேண்டும். செல்போனைப் பிடுங்கிப் படத்தை அழிக்கும் உத்தியோகஸ்தரை, சாட்சியத்தை அழித்தவராகவே விசாரிக்க வேண்டும். ஸ்டேஷன் காமிராப் பதிவு, பாதிக்கப்பட்டவன் கேட்டால் காலதாமதமின்றிக் கிடைக்க வேண்டும். படமெடுத்துச் சாட்சி சொல்லுகிறவனுக்குப் போலீஸ் தயவில்லாத பாதுகாப்பு வேண்டும்.

இவை வரும்வரை உங்கள் ஊரில் யாரையாவது அடித்து இழுத்துக்கொண்டு போனால், "அவன் தலைவிதி" என்று கதவைச் சாத்திக் கொள்ளாதீர்கள். வெளியே வந்து நில்லுங்கள். பாருங்கள், பதியுங்கள், பிறகு கோர்ட்டுக்கு வந்து தைரியமாகச் சொல்லுங்கள். மனிதனுக்கு மனிதன்தான் சாட்சி என்று கூறி, இத்துடன் நம் பேச்சை முடித்துக்கொள்கிறோம்.