பந்துக்கும் ஒரு குழு வேணும்

(ஆத்தூர் கூட்டமைப்பு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கடன், சேமிப்பு பத்தி எல்லாரும் பேசிட்டாங்க. நான் கால்பந்து பத்திப் பேசப் போறேன். சிரிக்காம கேளுங்க.

எங்க குடியிருப்பு புதுசு. பல பேர் சேகோ ஆலை வேலைக்குப் போறவங்க. பல ஊர்லேருந்து வந்ததால பக்கத்து வீட்டுக்காரங்க பேர்கூடத் தெரியாது. பொழுது சாய்ஞ்சா பசங்க மூலையில நிக்கிறாங்க, பொண்ணுங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே கிடக்குறாங்க. ரெண்டுமே எனக்குப் பயம்தான்.

சென்னை வியாசர்பாடியும் ஒரு காலத்துல ரவுடிங்க ஏரியான்னு பேர் வாங்கின இடம். அங்கேயே வளர்ந்த உமாபதி, தங்கராஜ் ரெண்டு பேரும் முல்லை நகர் மைதானத்துல பிள்ளைகளைச் சேர்த்துக் கால்பந்து சொல்லிக் கொடுத்தாங்க. விளையாட்டோட படிப்பையும் விடாம பார்த்துக்கிட்டாங்க. இன்னைக்கு வியாசர்பாடின்னா கால்பந்துன்னு பேர்.

பொண்ணுங்களுக்கு எதுக்குன்னு கேட்பீங்க. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினவங்க, காவல்துறையில உதவி ஆய்வாளர். 2018-ல நம்ம தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை 2-1-ன்னு ஜெயிச்சு தேசியக் கோப்பையே வாங்குச்சு.

இடத்துக்கு எங்கே போறது? 10,000 சதுர மீட்டருக்கு மேல மனைப்பிரிவு போட்டா, சாலை போக மீதியில 10 சதவீதத்தைப் பொது இடமா விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்கணும். அந்த இடம் நம்ம பகுதியில எங்கே இருக்குன்னு வரைபடத்துல பாருங்க. முள்ளு மண்டிக் கிடந்தா ஒண்ணா சேர்ந்து நகராட்சியில மனு கொடுப்போம். சும்மா விட்டா குப்பைமேடு ஆகும், இல்லேன்னா எவனாவது வேலி போட்டுடுவான்.

நம்ம குழுக்களுக்கு வழி காட்டின திட்டம் 1989-ல தர்மபுரியில ஆரம்பிச்சு, அப்புறம்தான் சேலத்துக்கு வந்துச்சு. அப்போ நம்மகிட்ட என்ன இருந்துச்சு? பத்துப் பன்னிரண்டு பேர், வாரக் கூட்டம், ஒரு நோட்டு, கொஞ்சம் சந்தா. கால்பந்து அணிக்கும் 11 பேர் போதும். நோட்டு எழுத நமக்குத் தெரியும், கணக்குப் பார்க்கவும் தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, ஆட ஆசைப்படுற பிள்ளைங்க பேரை எழுதிக்கிட்டு வாங்க. பொண்ணுங்க பேரை முதல்ல எழுதுங்க.