ஓட்டத் தடத்தில் முதல் நாள்
(பெங்களூரில் நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இயலும் இசையும் நாடகமும் முழங்கும் மேடையில் மோட்டார்க் காரைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் புன்முறுவல் பூப்பதைக் காண்கிறோம். அப் புன்முறுவலை ஏற்றுக்கொள்கிறோம். ஆயினும், சென்ற ஆண்டு நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் பின்னிரவில் விமான நிலையச் சாலையில் நண்பனோடு பந்தயம் கட்டிக் காரோட்டி, 40 நாள் மருத்துவமனையில் கிடந்தான். இன்று ஊன்றுகோலோடு இவ்வவையில் அமர்ந்திருக்கிறான். அவன் இசைவு பெற்றே இதைச் சொல்கிறோம். விரைந்து செல்லும் ஆசை குற்றமன்று. அதற்கு உரிய இடம் ஒன்று உண்டு என்பதை அவனுக்கு முன்பே சொல்லாத குறை எங்களுடையது. இச்சங்கத்தில் கார்ப் பந்தயங்களில் கலந்துகொள்வோர் நால்வர் இருக்கிறோம். ஒன்பது ஆண்டுகளாக அதை ஏதோ களவுத் தொழில் போல மறைத்தே வந்தோம்.

பந்தயம் செல்வர்க்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அது முழுப் பொய்யுமன்று, பணம் செலவாகும். ஆனால் நம் நாட்டில் இவ்விளையாட்டு வளர்ந்தது தம் கைக்காசைச் செலவிட்ட ஆர்வலர்களின் கழகங்களாலேயே. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953இல் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையாகிய சோழவரத்தில் அவர்கள் நடத்திய பந்தயங்களைக் காண மக்கள் வெள்ளம் திரண்டது. 1990இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் ஒன்றை அமைத்தனர். கோவையில் கரிவரதன் என்பார் மாருதி 800 காரின் எஞ்சினைப் பொருத்திச் சிறு பந்தயக் கார்களைக் குறைந்த செலவில் உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவைக்கு அருகிலுள்ள தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியராகிய நாராயண் கார்த்திகேயன் தம் முதற் பந்தயத்தை ஓட்டியது அத்தகைய சிறு கார் ஒன்றிலேதான்.

எங்கள் கதை அத்துணைப் பெருமையுடையதன்று. நால்வரும் பணம் சேர்த்து ஒரு பழைய ஸ்விஃப்ட் காரை வாங்கினோம். ஓசூர், கிருட்டினகிரி, வேலூர் கடந்து, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் அதையே ஓட்டிச் சென்று, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பயிற்சி நாளில் இறங்கினோம். புது டயர் போட்டிருந்தோம். கதவில் எண்ணும் ஒட்டியிருந்தோம். பிரேக் எண்ணெயை மாற்றவேண்டும் என்ற நினைவு மட்டும் ஒருவருக்கும் எழவில்லை.

அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஊருக்குள் ஓட்டும்போது அது தெரியாது. தடத்திலோ ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் பிரேக்கை அழுத்தி மிதிக்கிறோம்; சூடு ஏறி, எண்ணெய் கொதித்து, உள்ளே குமிழிகள் தோன்றுகின்றன. ஐந்தாம் சுற்றில் எங்கள் பிரேக் மிதி தரைவரை இறங்கியது, வண்டி நிற்கவில்லை. மணற்பரப்பு வந்து எங்களைத் தாங்கிக்கொண்டது. தடத்துக்கும் சாலைக்கும் உள்ள வேற்றுமை அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. அங்கே எதிரே லாரி வருவதில்லை. குறுக்கே மாடு வருவதில்லை. வழுவியவனுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். கொடி பிடித்தவர் விழித்திருக்கிறார். மருத்துவ ஊர்தி காத்திருக்கிறது. ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டோம். 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் 33 மீட்டர் கடந்துவிடுகிறோம். வேகம் இருமடங்கானால் பிரேக் மிதித்தபின் வண்டி நிற்க ஏறத்தாழ நான்கு மடங்கு தூரம் வேண்டும். இக்கணக்கு எவ்விடத்தும் ஒன்றே.

பிற்பகலில் முதிய பயிற்சியாளர் ஒருவர் அருகில் அமர்ந்து வந்தார். “தம்பி, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துக்கொள்ளுங்கள், வளைவுக்குள் போய் மிதிக்காதீர்கள். கண் காரின் மூக்கில் இருக்கவேண்டா, வளைவின் மறுமுனைக்குப் போகட்டும்” என்றார். அவர் சொற்படி மெதுவாக வளைவுள் புகுந்தோம். சுற்று முடிந்தபோது முன்னைவிட நான்கு நொடி மிச்சப்பட்டிருந்தது! கொடிகளையும் அவரே கற்பித்தார். மஞ்சள் கண்டால் முன்னே இடர், முந்துதல் கூடாது. சிவப்பெனில் ஓட்டம் நின்றது. நீலம், பின்னே விரைவான வண்டி வருகிறது என்பதன் குறி. அன்று முழுதும் நாங்கள் பெரிதும் கண்டது நீலமே.

தொடங்க விரும்புவோர் ஓட்டத் தடத்திலேயே தொடங்கவேண்டும் என்பதில்லை. கழகங்கள் நடத்தும் நேரக் கணக்குப் பயணங்கள் உண்டு. குறித்த வேகத்தில், குறித்த நேரத்தில் ஒவ்வொரு சாவடியையும் அடையவேண்டும். முந்தி வந்தாலும் தண்டனைப் புள்ளி உண்டு. வழி சொல்ல ஒருவர் உடன் வேண்டும். கணவனும் மனைவியும் இணைந்து செல்லலாம். வழி தவறிய பின் யார் முதலில் பேசுவது என்பதை முன்னரே முடிவு செய்துகொள்வது நலம். அடுத்து, ஒருவர் பின் ஒருவராகத் தனித்து ஓடிக் கடிகாரத்தோடு போட்டியிடும் முறை. பலர் ஒருங்கே ஓடும் பந்தயத்துக்கு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் உரிமமும் மருத்துவச் சான்றும் தேவை. தலைக்கவசத்தை இரவல் வாங்கலாகாது. தலைக்குப் பொருந்தியதைச் சொந்தமாக வாங்குக. மற்றொன்று, பெற்றோர் செவியில் விழட்டும்: அன்றாடக் காருக்கு நாம் எடுக்கும் காப்பீடு பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. அடிபட்டால் செலவு நம்முடையதே. ஆதலால், இழந்தாலும் வீடு கலங்காத பழைய வண்டியையே எடுத்துச் செல்லுங்கள்.

பொங்கல் கழிந்த இரண்டாம் ஞாயிறன்று இருங்காட்டுக்கோட்டைக்குப் புறப்படுகிறோம். 18 வயது நிரம்பி, ஓட்டுநர் உரிமம் பெற்றவர்கள் பொருளாளரிடம் பெயர் கொடுக்கலாம். பெற்றோரும் உடன் வருக. அமர்ந்து காண நிழலுண்டு, ஓசை மிகுதி, காதுக்குப் பஞ்சு நாங்கள் தருவோம். பிரேக் எண்ணெயை மாற்றிவிட்டோம். ஊன்றுகோல் ஊன்றிய அத்தம்பி நேரம் குறிக்கும் கடிகாரத்தோடு எங்களுடன் வர இசைந்திருக்கிறான். அவன் தாயாரும் வருகிறார்.