ஏடுகளை எரித்த குடியானவர்கள்



உழைப்பவனுக்குப் பலம் இல்லை என்று யார் சொன்னது? இங்கிலாந்தின் கதையைக் கேளுங்கள். 1348-49இல் கொள்ளைநோய் அங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான மக்களை வாரிக்கொண்டு போனது. வயலில் இறங்க ஆள் இல்லை. எஞ்சியவர்கள் கூடுதல் கூலி கேட்டனர். ஆள்வோர் என்ன செய்தார்கள்? நோய்க்கு முந்தைய கூலிதான் என்று 1351இல் சட்டம் போட்டார்கள்! போதாக்குறைக்கு, 1380இல் தலைக்கு 12 பென்ஸ் வரி.

மக்கள் பொங்கினர். 1381 ஜூனில் எசெக்ஸ், கெண்ட் குடியானவர்கள் லண்டனுக்குள் புகுந்தனர். ஊர் ஊராகப் பண்ணை ஏடுகளைத் தேடி எரித்தனர். ஏன்? அவர்களை அடிமை என்று எழுதி வைத்திருந்தவை அந்த ஏடுகளே! 14 வயது அரசன் இரண்டாம் ரிச்சர்ட் நேரில் வந்து விடுதலை தருவதாக வாக்களித்தான். மறுநாளே தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்டார். மூன்று வாரத்திற்குள் வாக்கும் பறந்தது.

தோற்றார்களா? அந்த நூற்றாண்டில் அத்தகைய வரி மீண்டும் வரவில்லை. ஆள் கிடைக்காத நிலப்பிரபுக்கள் பேரத்திற்கு இறங்கி வந்தனர். 1500க்குள் பண்ணையடிமை முறை பெரும்பாலும் ஒழிந்தது.

உறவுகளே, உங்கள் பெயரில் எழுதப்படும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் குடியானவனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தன் விலங்கு எந்த ஏட்டில் இருக்கிறது என்று தெரிந்திருந்தது!